முள் அசையாமல் நின்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதிய நண்பருக்கு: உங்கள் பழைய மொறிஸ் மைனர் காரில் வெற்றிட மானி (எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் பாதையின் வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கருவி) ஐடிலில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, 14 அங்குலம் காட்டுகிறது, முள் அசையவில்லை, கராஜில் எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து பொறுங்கள்.

திருகோணமலை கடல்மட்டத்தில் இருப்பதால் 17 முதல் 21 வரை எதிர்பார்க்கலாம். காற்றழுத்தம் குறைந்த மலையுச்சி நுவரெலியாவில் என்றால் 14 ஒரு குறையே அல்ல. வால்வு எரிந்திருந்தால் முள் ஒழுங்கான இடைவெளியில் துடிக்கும். அசையாமல் தாழ்ந்து நிற்பது பெரும்பாலும் தாமதமான இக்னிஷன் டைமிங் (தீப்பொறி பிந்தி விழுவது) அல்லது காற்றுக் கசிவு.

முதலில் கசிவு. இன்டேக் கேஸ்கெட்டை (காற்று உள்ளே போகும் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து அடைப்பை)ச் சுற்றியும் ரப்பர் குழாய்களிலும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல், சிறிது தண்ணீர் தெளியுங்கள். பெற்றோல் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். எஞ்சின் ஓட்டம் மாறும் இடமே கசியும் இடம். மாறவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவில் திருப்பி, முள் உச்சம் தொட்டபின் மானியில் ஓர் அங்குலம் இறங்கும்படி திருப்பிப் பூட்டுங்கள். உச்சத்திலேயே விட்டால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். பிறகு டைமிங் குறியையும் சரிபாருங்கள்.

பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டதோ என்ற பயமா? அக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து உடனே காலை எடுங்கள். முள் பூச்சியத்தருகே விழுந்து 24, 25 வரை எகிறினால் ரிங்குகள் நன்றாகவே இருக்கின்றன.