குட்டியானைக்கு கரன்ட் தீனி கட்டுப்படியாகுமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு தினமும் தக்காளி ஏற்றுகிறேன். டீசல் குட்டியானை ஓய்ந்துவிட்டது. எலெக்ட்ரிக் வண்டி எடுக்கலாம் என்கிறான் மகன். மாதம் ரெண்டு தடவை கொடைக்கானல் டிரிப்பும் உண்டு. எடுக்கலாமா அண்ணே?

பதில்: முதலில் எடையைப் பார்ப்போம் தம்பி. 2022-இல் டாடா ஏஸ் ஈவி வந்தபோது அதன் பாரம் 600 கிலோதான். பெட்டி 14 கிலோ என்றால் நாற்பது பெட்டியோடு சரி. நீங்கள் அறுபது ஏற்றாமல் கிளம்புவீர்களா? அதனால் ஒரு டன் ஏற்றும் ஏஸ் ஈவி 1000-ஐப் பாருங்கள். ஒரு முழு சார்ஜில் 161 கி.மீ. ஓடும் என்கிறது கம்பெனி, பாரத்தோடு நான் நூறு என்றுதான் வைப்பேன். திண்டுக்கல் போய்வர அது தாராளம். பேட்டரி நிரம்ப சுமார் 24 யூனிட் இழுக்கும். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் 250-க்குள் முடிந்துவிடும்.

கொடைக்கானல் வேறு கதை. இறக்கத்தில் கொஞ்சம் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும், வாஸ்தவம்தான். ஆனால் பாரத்தோடு ஏறி, வெறும் வண்டியாக இறங்குகிறீர்கள். ஏற்றத்தில் தின்றதில் பாதிகூடத் தேறாது. அந்த ரெண்டு நாளைக்கு வாடகை டீசல் வண்டியே போதும்.

அப்புறம், வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? என் மச்சான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போட்டு, விடியும்போது பிளக் உருகி ஒட்டிக்கிடந்தது. தனி ஒயர், எர்த்தோடு 15 ஆம்பியர் பிளக் போட்டுவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். வாடகை வீடென்றால் ஓனரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.