ஜி-யிலிருந்து சி-க்கு மாறும்போது கை ஏன் நிற்கிறது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன், செம்பனை ஆலையில் வேலை. தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பதற்காகக் கிட்டார் பழகுகிறேன். ஜி, சி, டி கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடிகள்) தனித்தனியாகச் சுத்தமாக ஒலிக்கின்றன. பாட்டின் நடுவே மாற்றும்போதுதான் கை நின்றுவிடுகிறது. விரல் வேகத்துக்கு என்ன பயிற்சி?

பதில்: வேகத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் பெரும்பாலும் ஜி-யை நடுவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல் வைத்துப் பிடிப்பீர்கள். பல புத்தகங்கள் அப்படித்தான் காட்டுகின்றன. அதிலிருந்து சி-க்குப் போக மூன்று விரல்களையும் தூக்கி, ஒவ்வொன்றாக இடம் தேடி வைக்க வேண்டியிருக்கிறது.

மோதிர விரலை 6-ஆவது தந்தியின் (மேலே இருக்கும் தடித்த தந்தி) 3-ஆவது கட்டத்திலும் (கழுத்தின் உலோகக் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடம்), நடுவிரலை 5-ஆவது தந்தியின் 2-ஆவது கட்டத்திலும், சுண்டுவிரலை 1-ஆவது தந்தியின் 3-ஆவது கட்டத்திலும் வைத்துப் பாருங்கள். இதுவும் ஜி-தான். இப்போது சி-க்கு மாற, மோதிர விரலும் நடுவிரலும் அதே அமைப்பில் சேர்ந்து ஒரு தந்தி கீழே இறங்கினால் போதும். சுண்டுவிரலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலை 2-ஆவது தந்தியின் முதல் கட்டத்தில் வையுங்கள். சுண்டுவிரல் முதலில் முரண்டு பிடிக்கும், விடாதீர்கள்.

சி-யில் இன்னொரு சிக்கல் உண்டு. பலர் ஆள்காட்டி விரலை முதலில் ஊன்றிவிட்டு, மோதிர விரலைக் கடைசியாக வைப்பார்கள். மேலிருந்து கீழே மீட்டும்போது முதலில் ஒலிப்பதோ 5-ஆவது தந்தி! அதனால் மோதிர விரல் முந்தட்டும். டி-க்குப் போகும்போதும் அதுவே முன்னால் போகட்டும்: கட்டம் அதே 3-தான், தந்தி மட்டும் 5-இலிருந்து 2-க்கு மாறுகிறது.

மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு வாசியுங்கள். நான்காவது தட்டு முடியுமுன்பே விரல்களை எடுத்துவிடலாம். அந்த இடைவெளியில் வெறும் தந்திகள் ஒலித்தாலும் வலது கை நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும்போதும் இதே விதிதான்.

ஆலையில் நாள் முழுவதும் இரும்பைப் பிடித்த கை இறுகியிருக்கும். வேலை முடிந்த கையோடு உட்காராமல், குளித்துச் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் பழகினால் போதும்.

அப்படியும் விரல் நோகிறதென்றால் கிட்டாரைப் பாருங்கள். 12-ஆவது கட்டத்தின் உலோகக் கம்பியிலிருந்து 6-ஆவது தந்தி 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றால், கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்புத் தந்தி சீக்கிரம் துருப்பிடித்துச் சொரசொரப்பாகும். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள்.