வோக்கரின் கதையை மகனுக்கு அனுப்பிய அப்பாவுக்கு

அண்ணா, நீங்களும் அக்காவும் வந்துபோன பிறகு நீங்கள் அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் அன்ட்வான் வோக்கர் பத்துக் கோடி டொலருக்கு மேல் உழைத்தும் 2010இல் வங்குரோத்து மனுக் கொடுத்த கதை. "பந்தோடு திரிந்தால் இவனுக்கும் இதுதான்" என்று கீழே எழுதி மகனுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் அந்தக் கதையைக் காட்டி அவனை வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியலுக்குள் தள்ளுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

வோக்கர் ஆட்டத்தால் விழவில்லை. 1996இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வென்று கொடுத்த அணியில் இருந்தார். இரண்டே வருடப் படிப்போடு வெளியேறி, அதே வருடம் அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில் பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குப் போனார். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று தடவை தேர்வானார், 2006இல் மயாமி ஹீட் அணியோடு சாம்பியன். ஆறடி எட்டங்குலக்காரர்கள் வளையத்தடியில்தான் நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தில் வெளியே வந்து மூன்று புள்ளிக்கு எறிந்தவர். அன்றைக்கு அதற்காகவே திட்டு வாங்கினார். இன்று அந்த உயரத்தில் இருப்பவர்களிடம் அணிகள் முதலில் கேட்பதே அதைத்தான். அந்த மனிதரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவரை விழுத்தியது வேறு. சிக்காகோவில் வீடு, கட்டட முதலீடுகள், அந்தக் கடன்களுக்குத் தன் பெயரில் போட்ட உத்தரவாதக் கையெழுத்துகள். வீட்டுச் சந்தை சரிந்ததும் கடன்காரர்கள் நேரே அவரிடம் வந்தார்கள். சூதாட்டமும் இருந்தது. லாஸ் வேகாஸில் கொடுத்த காசோலைகள் திரும்பி, வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. முப்பத்திரண்டு வயதில் என்பிஏ முடிந்துவிட்டது. கையில் வேறு தொழில் இல்லை. பிறகு பவெர்ட்டோ ரிக்கோவிலும் ஐடஹோவிலும் சிறிய அணிகளுக்கு ஆடினார். அதற்கும் பிறகுதான் மோர்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனத்தோடு சேர்ந்து இளம் வீரர்களுக்குக் காசைக் கையாளச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். வீட்டை வைத்துக் கடன் எடுத்து, மகனை அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பலாம் என்று அக்காவின் தம்பி சொல்கிறார். வேண்டவே வேண்டாம். வோக்கரிடமிருந்து எடுக்க வேண்டிய பாடம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. என்பிஏயில் முப்பது அணி, அணிக்குப் பதினைந்து நிரந்தர இடம், மொத்தம் 450 பேர். ஐந்தடி பத்தங்குலமும் பள்ளி அணியில் மாற்று ஆளாகவும் இருக்கும் பிள்ளைக்காக வீட்டை அடகு வைக்கக் கூடாது.

வாட்டர்லூவைப் பற்றி நான் கேட்டபோது உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் போன ஆட்டத்தில் ஏன் தோற்றார்கள் என்று கேட்டதும் போனை எடுத்து, காட்சியை நிறுத்தி நிறுத்தி, எவன் எந்தப் பக்கம் நகரப் பிந்தினான் என்று விளக்கினான். அக்கா அவன் அவ்வளவு பேசுவதை அன்றுதான் பார்த்ததாகச் சொன்னா. அதற்கு ஒரு தொழில் இருக்கிறது, அண்ணா. ஆட்ட வீடியோப் பகுப்பாய்வு.

வோக்கர் சாம்பியனான அதே ஹீட் அணியில் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்று ஒரு உதவிப் பயிற்சியாளர் இருந்தார். தாய் பிலிப்பைன்ஸ்காரி. என்பிஏயில் ஒரு நாளும் ஆடாதவர். 1995இல் வீடியோ அறையில் நாடா வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து எதிரணிகளை நோட்டம் பார்க்கும் வேலை, பிறகு உதவிப் பயிற்சி, 2008இல் தலைமைப் பயிற்சியாளர், 2012இலும் 2013இலும் பட்டம். 2024இல் அவர் போட்ட எட்டு வருட ஒப்பந்தம் பன்னிரண்டு கோடி டொலர் என்று செய்தி வந்தது. வோக்கர் ஆட்டக்காரனாக உழைத்த மொத்தத்தையும் விடக் கூட. அவருடைய அப்பாவும் அந்த லீக்கில் நிர்வாகியாக இருந்தவர் என்பதை மறைக்க மாட்டேன். எல்லோருக்கும் அந்த உயரம் கிடைக்காது. ஆரம்பச் சம்பளம் குறைவு, இரவு வேலை நிச்சயம்.

வேலை என்னவென்றால், ஒவ்வொரு தாக்குதலையும் தனித்தனியாக வெட்டி, அது பிக் அண்ட் ரோலா (ஒருவர் காவலாளியை மறித்து நின்று, பிறகு வளையம் நோக்கி ஓடும் ஆட்டம்), பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தும் டைம் அவுட்டுக்குப் பிறகு வரைந்து கொடுத்த ஆட்டமா, யார் தன் ஆளைக் காவல் காக்காமல் விட்டார் என்று குறியிட வேண்டும். அடுத்த எதிரணி கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை யாரிடம் கொடுக்கும் என்று சில கிளிப்புகளில் பயிற்சியாளருக்குக் காட்ட வேண்டும். இப்போது ஹடல், சினர்ஜி போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் எந்த கிளிப்பைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கண் அவற்றுக்கு இல்லை. உங்கள் மகனுக்கு அந்தக் கண் இருக்கிறது.

இதற்குப் படிப்பு, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் புள்ளிவிபரவியல். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகலாம், விடுதிச் செலவு இல்லை. வளாகத்துக்குப் பக்கத்திலேயே பான் ஆம் விளையாட்டு நிலையம். 2023இல் கனேடிய எலீட் கூடைப்பந்து லீக் பட்டம் வென்ற ஸ்காபரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ் ஆடும் இடம் அது. மிசிசாகாவில் ரொறன்ரோ ராப்டர்ஸின் வளர்ப்பு அணியான ராப்டர்ஸ் 905 இருக்கிறது. முதலாம் வருடத்திலேயே பல்கலைக்கழக அணிக்குச் சம்பளம் இல்லாமல் வீடியோ வெட்டிக்கொடுக்கக் கேட்கட்டும். விளையாட்டுத் துறை சரிவராவிட்டாலும் அந்தப் பட்டத்தை வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் மதிக்கும். வோக்கரிடம் அது இருக்கவில்லை.

ஒன்ராறியோ பல்கலைக்கழக விண்ணப்பம் ஜனவரி நடுவில் மூடும். அதற்கு முன் ஒரு ஆட்டத்தை வெட்டிப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லுங்கள். படிவத்தின் முதல் விருப்பத்தை அவனே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கை வைக்காதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட யார் கேட்டாலும், மச்சானே கேட்டாலும், முதலில் எனக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.