எரிமலைக்குப் பிறகு என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. இந்தக் கோடை முழுவதையும் அறிவியலுக்கு ஒதுக்கலாம் என்று எண்ணினோம். இணையக் காணொளிகளைப் பார்த்து, சமையல் சோடாவும் வினிகரும் கலந்து எரிமலை செய்தோம். தட்டு நீரில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து நீர் மேலேறுவதைப் பார்த்தோம். இன்னும் பத்துப் பன்னிரண்டு செய்திருப்போம். முதல் வாரம் வீடே அமர்க்களப்பட்டது. இரண்டாம் வாரத்தில் மகன், "அடுத்தது என்ன?" என்று மட்டுமே கேட்கிறான். மகள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். நான் வணிகவியல் படித்தவள். 'ஏன்' என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் உள்ளூர இருக்கிறது. எஞ்சியுள்ள 6 வாரங்களுக்குச் சுவையான செயல்முறைகளின் பட்டியல் ஒன்று தர இயலுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பன்னிரண்டு செயல்முறைகள் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோயின என்றால், நான் தரும் பட்டியலும் அடுத்த இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்ததாக எண்ணும் இரண்டை மீண்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அவை இன்னும் முடியவில்லை என்பதே என் கணிப்பு. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மணி அடித்தவுடன் அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளி ஆய்வகங்களில் இல்லாத அந்த ஒரு வசதியைக் காணொளிகளின் வேகத்துக்குப் பறிகொடுப்பானேன்?

முதலில் மெழுகுவர்த்தி. நீர் ஏன் ஏறியது என்பதற்குக் காணொளி சொன்ன விளக்கத்தை என்னால் ஊகிக்க முடிகிறது: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததும் அந்த இடத்தை நீர் நிரப்பியது. பல ஆண்டுகள் நானும் இதையே ஒப்பித்து வந்தேன். அது தவறு என்று எனக்குப் புரியவைத்தது, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் கேள்வி. "எரியும்போது ஏறாமல் அணையும்போது ஏன் ஏறுகிறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆக்சிஜன் சிறிது சிறிதாகச் செலவாவதுதான் காரணம் என்றால், நீரும் சிறிது சிறிதாகத்தானே ஏற வேண்டும்? உங்கள் மகளைக் குவளையின் விளிம்பருகே கண்ணை வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். குவளையைக் கவிழ்த்த உடனே விளிம்பின் கீழிருந்து சில குமிழிகள் வெளியேறக்கூடும். நீரின் பெரும் ஏற்றம் சுடர் மங்கி அணையும் தறுவாயில்தான் நிகழும். சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. அணைந்த பின் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. உள்ளிருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு மெழுகுவர்த்தியோடு ஒரு முறையும், அதே குவளைக்குள் மூன்றோடு ஒரு முறையும் செய்து, நீர் ஏறிய உயரத்தை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். குவளைக்குள் இருந்த ஆக்சிஜன் இரண்டு முறையும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பழைய விளக்கம் சரியானால் உயரமும் மாறக்கூடாது. மூன்று சுடர்களுக்கு நீர் கூடுதலாக ஏறுவதை அவளே காண்பாள். பிறகு மெழுகுவர்த்தியே இல்லாமல், வெந்நீரில் அலசிய குவளையைத் தட்டு நீரில் கவிழ்த்துச் சில நிமிடங்கள் காத்திருங்கள். நீர் கொஞ்சமாவது உள்ளே ஏறும். (வெந்நீரும் நெருப்பும் உங்கள் கையில் இருக்கட்டும்.) காணொளி சொன்னதைத் தானே சோதித்து மறுத்த 11 வயதுப் பெண், அடுத்தது என்ன என்று யாரிடமும் கேட்கப்போவதில்லை.

ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 கிறிஸ்துமஸ் காலத்தில் இளையோருக்காகத் தொடங்கிய ஆறு உரைகளின் பொருளும் ஒரு மெழுகுவர்த்திதான். முறையான பள்ளிப்படிப்பு மிகக் குறைவாகவே கிட்டிய அவர், புத்தகக் கட்டுநர் ஒருவரிடம் தொழில் பழகுநராக இருந்தபோது, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். வணிகவியல் படித்த தாய் அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆளை நான் அறியேன்.

எரிமலையைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. பொங்கி வழிவதோடு அது முடிந்துவிடுகிறது. எதையும் அளக்க வழியில்லை. அதே சோடாவையும் வினிகரையும் ஒரு புட்டியில் சேருங்கள். 50 மில்லிலிட்டர் வினிகரைப் புட்டியில் ஊற்றி, சோடாவைப் பலூனுக்குள் போட்டு, பலூனின் வாயைப் புட்டியின் கழுத்தில் மாட்டி நிமிர்த்தினால், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு பலூனை ஊதும். வினிகரை மாற்றாமல், சோடாவைத் தேக்கரண்டியில் கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றரை என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் பலூனின் சுற்றளவை நூலால் அளக்க வேண்டும். 5 விழுக்காடு அமிலமுள்ள சாதாரண வினிகரானால், இந்த அளவு வினிகருக்கு ஏறத்தாழ மூன்றரை கிராம் சோடாதான் வேலை செய்யும். அதற்குமேல் எவ்வளவு போட்டாலும் பலூன் பெரிதாகாது. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முன்கூட்டி ஊகித்து எழுதிவைக்கச் சொன்னால் இருவருக்கும் நல்ல போட்டியாக இருக்கும். நின்ற பிறகு எஞ்சியிருக்கும் சோடாவின் மேல் புதிதாக வினிகரை ஊற்றினால் மீண்டும் நுரைக்கும். அப்போது மகனே காரணத்தைச் சொல்லிவிடுவான்.

புதிதாக ஒன்று வேண்டுமென்றால், கோடை தாராளமாகத் தருவது வெயிலைத்தான். திறந்தவெளியில் சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அரை மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கல் வைத்து நேரத்தைக் குறிக்கட்டும். நிழல் மிகக் குறுகும் கணமே அந்த இடத்தின் உண்மையான நண்பகல். அப்போது நிழல் கிடக்கும் கோடு வடக்கு தெற்காக இருக்கும். கடிகாரம் அந்தக் கணத்தில் 12 காட்டாது என்பது பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் சூரிய நேரம் ஊருக்கு ஊர் மாறுகிறது, கடிகாரமோ நாடு முழுமைக்கும் ஒன்றாக ஓடுகிறது. ஆண்டின் எந்த நாள் என்பதைப் பொறுத்தும் கால் மணி நேரம் வரை வேறுபாடு வரும். வாரம் ஒரு நாள் வீதம் ஆறு வாரங்கள் இதைச் செய்து, நண்பகல் நிழலின் நீளங்களை ஒரே தாளில் வரைந்து பார்க்கட்டும்.

அதே வெயிலில் மரநிழலையும் பார்க்கலாம். இலைகளுக்கிடையே உள்ள சந்துகள் எந்த வடிவத்திலும் இருக்க, தரையில் விழும் ஒளிப்பொட்டுகள் பல வட்டமாக, சாய்ந்த வெயிலில் நீள்வட்டமாக, இருப்பதேன்? ஒவ்வொன்றும் சூரியனின் உருவம். ஓர் அட்டையில் ஊசித்துளை இட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, 2 மீட்டர் தள்ளி வைத்த வெள்ளைத்தாளில் ஒளியை விழச்செய்தால் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டம் கிடைக்கும். துளை வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது. இதை நாள்தோறும் சொல்லுங்கள். வட்டத்தின் அகலத்துக்கும் தொலைவுக்கும் உள்ள விகிதத்தை, சூரியனின் தொலைவான 15 கோடி கிலோமீட்டரோடு மகள் பெருக்கினால் 14 லட்சம் கிலோமீட்டருக்கு அருகில் வரும். சூரியனின் விட்டத்தை ஓர் அட்டையும் அளவுகோலும் கொண்டு அளந்தவள் ஆவாள்.

வெளியே போக முடியாத உச்சி வெயிலில் நூலில் கல்லைக் கட்டி ஆடவிடலாம். 25 சென்டிமீட்டர் நூல் ஓர் ஆட்டத்துக்கு, அதாவது ஒரு முறை போய்த் திரும்ப, ஏறத்தாழ 1 நொடி எடுக்கும். 2 நொடி ஆக்க நூலை இருமடங்காக்கினால் போதும் என்றுதான் எல்லாரும் ஊகிப்பார்கள், நான்மடங்கு வேண்டும். கல்லின் எடையை மாற்றினால் என்ன ஆகும் என்று மகன் கண்டுபிடிக்கட்டும். 20 ஆட்டங்களுக்கான நேரத்தை எடுத்து வகுத்தால் பிழை குறையும்.

உங்கள் அச்சத்தைப் பற்றி ஒன்று. பதில் தெரியாத கேள்வி வரும்போது அதை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே, இதை எப்படிச் சோதிக்கலாம் என்ற வினாவையும் எழுதுங்கள். சிலவற்றுக்கு அன்றே வழி தோன்றும், சில அப்படியே கிடக்கும், கிடக்கட்டும். மூன்று மெழுகுவர்த்திச் சோதனையில் மகளுக்குக் கிடைத்த உயரங்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள். நான் சொன்னதோடு அவை பொருந்தாவிட்டால் குவளையின் அளவையும் சேர்த்து எழுதுங்கள், இங்கே நானும் செய்து பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்