மாமியாருக்கு அக்கி வந்திருக்கிறது. டாக்டர் வேண்டாம், மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் காவியால் எழுதிக்கொண்டால் போதும் என்கிறார். அக்கி எழுதுவது மூடநம்பிக்கைதானே?

நீங்கள் வெளியூரில் வளர்ந்து எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டவர் என்று நினைக்கிறேன். கேள்வியைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் மன்னார்குடி பக்கம். நான்கு வருடத்துக்கு முன், குறுவை அறுப்பு முடிந்த சமயம், அம்மாவுக்கு வலது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை பட்டையாக எரிச்சல். மறுநாள் கொப்புளம். ரவிக்கை போட முடியவில்லை. அத்தை பார்த்ததுமே அக்கி என்று சொல்லி, வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இடம் அப்படி என்பதால் வேளார் தாத்தா காவிக்கல்லை உரைத்து மட்டும் கொடுத்தார். பாட்டிதான் கோழி இறகால் தொட்டுத் தொட்டு ஒரு சிங்கம் எழுதினார். "வெயில்ல நின்னியா? ராத்திரி தூங்கினியா? மனசுல எதையாச்சும் வச்சுக்கிட்டுப் புழுங்குறியா?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார். காசு வாங்கவில்லை, வெற்றிலை பாக்குதான். அன்று மதியம்தான் அம்மா கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

மூன்று நாள் எழுதியும் வலி நிற்காததால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காவியைப் பார்த்ததும் டாக்டர் அத்தனை பேர் முன்னால் கத்தினார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எங்கே வலிக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தடவை வரச் சொன்னதற்கு அம்மா போகவே இல்லை. வலி 8 மாதம் இருந்தது.

காவி வைரஸைக் கொல்லுமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கொல்லாது. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒடுங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது அதே நரம்பு வழியாகக் கிளம்புவதுதான் அக்கி. அதனால்தான் ஒரு பக்கமாகப் பட்டை போட்டு வருகிறது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த மூன்று நாளை விட்டது எங்கள் தப்பு. உடைந்த புண்ணில் மண் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் சரிதான்.

ஆனால் படிக்காத சனம்தான் இப்படி என்று பேசினால் எனக்குக் கோபம் வரும். இத்தாலியில் இதற்குப் பெயர் அந்தோணியார் நெருப்பு. ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் குட்டிப் பாம்பு என்கிறார்கள். அதன் தலையும் வாலும் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்காது என்ற பயமும் அங்கே உண்டு.

முதலில் டாக்டர், இன்றைக்கே. நெற்றியிலோ கண் பக்கமோ இருந்தால் கொஞ்சமும் தாமதிக்காதீர்கள், பார்வைக்கே ஆபத்து. மாத்திரை போட்டுவிட்டு, அப்புறம் வேளார் வீட்டுக்கும் நீங்களே கூட்டிப்போங்கள். புண்ணை விட்டுச் சுற்றி மட்டும் எழுதச் சொன்னால் கேட்பார்கள்.

எழுத ஆள் இருக்க வேண்டுமே, அது வேறு. எங்கள் ஊர் வேளார் தாத்தா குளத்தில் ஒரு வண்டி களிமண் எடுக்க மனு மேல் மனு கொடுத்து அலைந்தார். அதே குளத்திலிருந்து ராத்திரியில் லாரி லாரியாக மண் போனது. சூளையை மூடிவிட்டார்கள். பொங்கல் பானையே இப்போது வெளியூரிலிருந்துதான் வருகிறது. பாட்டி மட்டும் யாராவது வந்தால் இன்னும் எழுதுகிறார். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள்.