சன்ஷேடில் துருக்கறை: பூசுவதற்கு முன்னால் என்ன செய்வது?

கேள்வி: உச்சிப்புளி பக்கம், கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் எங்கள் மனை. 1,150 சதுர அடி வீட்டை, மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று பேசி ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்தோம். கணவர் குவைத்தில் இருக்கிறார், சைட்டைப் பார்த்துக்கொள்வது நான்தான். மேல்தளம் போட்டு நான்கு மாதம் ஆகிறது. இப்போது சன்ஷேடின் அடியில் கம்பி ஓடுகிற இடமெல்லாம் பழுப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் கரிக்கும். அதில்தான் கலவை போட்டார்கள், அதையேதான் தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தினார்கள். கேட்டால், "கடற்கரையில எல்லா வீட்டுக்கும் இப்படித்தான், பூசிட்டா தெரியாது. அண்ணன் லீவுல வரட்டும், அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்கிறார். 17 லட்சம் கொடுத்தாயிற்று. பூச்சு வேலைக்கு இன்னும் 4 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் செய்யலாமா?

பதில்: சகோதரி, பணம், புகார் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பூச்சு வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். "பூசிட்டா தெரியாது" என்று அவர் சொன்னது உண்மை. தெரியாமல் போனால் நட்டம் உங்களுக்கு மட்டும்தான். இன்றைக்கே வெளிச்சம் நல்லா இருக்கும்போது ஒவ்வொரு சன்ஷேடையும் தளத்தின் அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு டேப்பை வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். படங்களைக் கணவருக்கும் அனுப்பி வையுங்கள், தேதியோடு இரண்டு இடத்தில் இருக்கும்.

அந்தக் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். சன்ஷேடு சுவரிலிருந்து வெளியே தொங்குகிற தளம். அதன் பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், சுவரிலிருந்து வெளிநோக்கி ஓடும். அதன் கீழே குறுக்காக, சுவருக்கு இணையாகப் போவது பகிர்வுக் கம்பி. நீங்கள் அடியில் நின்று பார்க்கிற கோடு சுவருக்கு இணையாக ஓடினால், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல், சென்ட்ரிங் பலகையிலேயே கிடத்திவிட்டார்கள் என்று பொருள்; அதோடு சேர்த்துக் கட்டிய முக்கியக் கம்பியும் தாழ்ந்திருக்கலாம். கோடு சுவரிலிருந்து வெளியே ஓடினால் அடியில் தெரிவது முக்கியக் கம்பியேதான். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து, மேலே இருக்க வேண்டிய கம்பி கீழே இறங்கிவிட்டிருக்கலாம். முக்கியக் கம்பி தாழ்ந்த சன்ஷேடு துரு இல்லாவிட்டாலும் பலமில்லாதது. இன்ஜினியர் பார்க்கும்வரை யாரையும் அதன்மேல் ஏற விடாதீர்கள், கீழே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அங்கங்கே புள்ளி புள்ளியாக மட்டும் கறை இருந்தால், அது கட்டுக்கம்பி நுனியோ பலகையில் அடித்த ஆணியோ ஆகவும் இருக்கலாம். அது சின்ன விஷயம். நீங்கள் எழுதியிருப்பது கோடு என்பதால்தான் எனக்குக் கவலை.

கடற்கரையில் எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் என்பது சரியல்ல. நம் பக்கத்து உப்புக் காற்று பொல்லாததுதான். இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சோதிப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டதும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். ஆனால் போதிய கனமுள்ள நல்ல கான்கிரீட்டுக்குள் காற்றின் உப்பு இறங்கிக் கம்பியைத் தொட வருடக்கணக்காகும். நான்கு மாதத்தில் கறை வந்தால் உப்பு வெளியிலிருந்து வரவில்லை, கலவையோடு உள்ளே போயிருக்கிறது. அல்லது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், அதாவது மூடாக்கே இல்லை. உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு (கம்பியை அரிக்கிற உப்புக் கூறு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 0.6 கிலோ வரைதான் குளோரைடு இருக்கலாம். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 180 லிட்டர் தண்ணீர் போகும். போர் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் இருந்தால், தண்ணீரிலிருந்தே 540 கிராம் உள்ளே போய்விடும். மணலில் கொஞ்சம் உப்பு இருந்தாலே வரம்பைத் தாண்டிவிடும். பிறகு அதே தண்ணீரைப் பாத்தி கட்டி நிறுத்தியதில் மேலும் இறங்கியிருக்கும்.

எனக்கு மனசு பொறுக்காதது வேறொன்று. உங்கள் தளத்துக்குப் பீமோடு சேர்த்து ஏறக்குறைய 15 கன மீட்டர் கான்கிரீட் ஆகியிருக்கும். கலக்கத் தேவைப்பட்ட தண்ணீர் மொத்தம் 2,700 லிட்டர். ஒரு டிராக்டர் டேங்கர் நல்ல தண்ணீர்! நனைப்புக்கு இன்னும் சில டேங்கர். 25 லட்ச ரூபாய் வீட்டில் அந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இந்த நிலை.

நாக்குக்குக் கரித்தது என்று நீங்கள் சொல்வது சாட்சியத்துக்குப் போதாது. போர் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்து, அறிக்கை வாங்குங்கள். அடுத்து, காண்ட்ராக்டருக்கு உறவோ நட்போ இல்லாத ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து வாருங்கள். மதுரை, காரைக்குடிப் பக்கம் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறையிலும் விசாரிக்கலாம். மூன்று சோதனைகள் போதும்: கம்பிக்குமேல் எவ்வளவு கனம் இருக்கிறது என்று கவர் மீட்டர் வைத்துப் பார்ப்பது, தளத்தில் சில இடங்களில் துளையிட்டுப் பொடி எடுத்துக் குளோரைடு பார்ப்பது, கான்கிரீட்டின் வலு பார்ப்பது. சோதனை நடக்கும் தேதியைக் காண்ட்ராக்டருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால், "எனக்குத் தெரியாமல் செய்தார்கள்" என்று பின்னால் சொல்ல முடியாது.

இப்போது பணம். ஒப்பந்தத்தில் "பூச்சு ஆரம்பிக்கும்போது" என்று தவணை இருந்தால், சும்மா நிறுத்தி வைத்தால் நீங்கள்தான் தவறினீர்கள் என்று ஆக்கிவிடுவார். ஆகவே ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். இன்ன தேதியில் மேல்தளம் போட்டது, இன்ன தேதியில் துருக்கறை கண்டது, தண்ணீர் கரித்தது, பரிசோதனை முடிந்து குறை தீரும்வரை அடுத்த தவணையை நிறுத்தி வைக்கிறோம், 15 நாளில் பதில் வேண்டும். அவ்வளவு எழுதினால் போதும், கோபம் வேண்டாம். ஒப்பந்தமே வாய்ப்பேச்சு என்றாலும் பயப்படாதீர்கள். வங்கியில் பணம் போன பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, சிமென்ட் இறக்கிய ரசீது எல்லாமே ஆதாரம்தான்.

ரெரா உங்களுக்குப் பொருந்தாது. அது மனையோ அடுக்குமாடியோ போட்டு விற்பவர்களுக்கானது. சொந்த மனையில் ஒப்பந்தத்துக்குக் கட்டித் தருபவர் அதில் வரமாட்டார். உங்களுக்கான இடம் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்கு வரும். உங்கள் தொகைக்குக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். அதற்கு முன் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் போட்டு வைப்பது நல்லது. சில பேர் அதற்கே இறங்கி வருவார்கள்.

அண்ணன் வரட்டும் என்கிறாரே, அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தாலும், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். சைட்டில் தினமும் நின்றது நீங்கள். உங்கள் சாட்சியம்தான் இதில் முதல் சாட்சியம்.

வழக்கு வரை போகாமல் முடிந்தால் நல்லது என்றே நான் நினைக்கிறேன், வீடு பாதியில் நிற்பதும் செலவுதான். கேட்க வேண்டியது இது: சன்ஷேடுகளை அவர் செலவில் இடித்து, முறையாகத் திரும்பப் போட வேண்டும், சோதனைச் செலவை அவர் ஏற்க வேண்டும். தளத்தில் குளோரைடு வரம்புக்குள் இருந்தால் அத்தோடு முடித்துக்கொள்ளலாம். வரம்பைத் தாண்டியிருந்தால் ஒட்டுப்போடுகிற வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். உப்பு உள்ளே இருக்கும்போது ஒரு இடத்தைக் கொத்திப் பூசினால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த துரு கிளம்பும். அந்த நிலையில் ஈரம் தளத்துக்குள் இறங்காதபடி சரிவு கொடுத்து, நீர்க்கசிவுத் தடுப்பும் நன்றாகச் செய்ய வேண்டும். ஈரம் குறைந்தால் அரிப்பும் குறையும். அதற்கான செலவையும், தளத்தின் ஆயுள் குறைந்ததற்கான தொகையையும் மீதிப் பணத்தில் கழிக்கச் சொல்லுங்கள். எதுவானாலும் சோதனை அறிக்கை கைக்கு வருமுன் எதையும் இடிக்க விடாதீர்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் தை மாதம் வீட்டு வேலை ஆரம்பிக்கப் போகிறோம். நானும் மனைவியும் ஒப்பந்தம் எழுத உட்கார்ந்திருக்கிறோம். என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: மேலே உள்ள கடிதத்தை இருவரும் சேர்ந்து ஒருமுறை படியுங்கள். தண்ணீரைத்தான் முதல் வரியாக எழுதச் சொல்வேன்: "கலவைக்கும் நனைப்புக்கும் பரிசோதித்த நல்ல தண்ணீர் மட்டும். டேங்கர் செலவு இன்னாருடையது." செலவு யாருடையது என்று எழுதாவிட்டால் போர் மோட்டாரைத்தான் போடுவார்கள்.

சதுர அடி விலை மட்டும் எழுதினால் ஒப்பந்தம் ஆகாது. கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரமும் (எம் என்பது கான்கிரீட்டின் வலுவைக் காட்டும் அளவு) கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடாக்கும் கேட்கிறது ஐ.எஸ். 456. காற்று நேராகப் படாத உள்பகுதிக்கு எம் 25, 30 மில்லிமீட்டர். வழக்கமான 3 அங்குலச் சன்ஷேடில் இந்த மூடாக்குக்கு இடமே கிடையாது, கனத்தைக் கூட்டி வரையச் சொல்லுங்கள். ஜல்லிச் சில்லைக் கம்பிக்கடியில் சொருகுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள், கான்கிரீட்டில் செய்த கவர் பிளாக்தான் வேண்டும் என்று எழுதுங்கள். சிமென்டில் ஸ்லாக் சிமென்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) கிடைத்தால் உப்பைத் தாங்க நல்லது. ஆனால் அதற்கும் பி.பி.சி.க்கும் (சாம்பல் கலந்த சிமென்ட்) நனைப்பு அதிக நாள் வேண்டும், குறைந்தது 10 நாள், முடிந்தால் 14.

கம்பியை மொத்தமாக வாங்கி மாதக்கணக்கில் வெளியில் போட்டு வைக்காதீர்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அதன்மேல் படியும் உப்பு அப்படியே கான்கிரீட்டுக்குள் போகும். கட்டுவதற்கு முன் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவட்டும். கடல் மணல் எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். கழுவியது என்பார்கள், கழுவியதும் கரிக்கிற தண்ணீராகத்தான் இருக்கும்.

பணத்தை வேலை முடிந்த கட்டத்துக்குக் கொடுங்கள், ஆரம்பிக்கிற கட்டத்துக்கு அல்ல. பத்தில் ஒரு பங்கை ஒரு வாடை மழை தாண்டும்வரை கையில் வையுங்கள்.

அப்புறம், மனை கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கடகால் தோண்டாதீர்கள். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்குச் சுயசான்றில் உடனே அனுமதி வாங்கும் வசதி 2024 ஜூலையில் வந்தது உண்மைதான், ஆனால் கடலோர விதி தனி.

கேள்வி: கீழக்கரையில் 8 மி.மீ. கம்பி வாங்கினேன். ஒரு கம்பி 4.3 கிலோதான் நிற்கிறது. கடைக்காரர் "கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்கிறார்.

பதில்: முழு நீளம் 12 மீட்டர்தானா என்று முதலில் அளந்து பாருங்கள். 12 மீட்டர் என்றால் 4.74 கிலோ இருக்க வேண்டும். (விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், எல்லா அளவுக்கும் இதே கணக்கு.) இந்தக் கனத்துக்கு 7 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம், அதாவது குறைந்தது 4.41 கிலோ. உங்களுடையது அதற்கும் கீழே. ஒரு கம்பியை வைத்துச் சண்டை போடாமல் பத்துக் கம்பியைச் சேர்த்து எடை போடுங்கள், அப்போதும் குறைந்தால் திருப்பிக் கொடுங்கள். எண்ணிக்கைக்குப் பில் போட்டு 4.74 கணக்கில் பணம் வாங்கியிருந்தால், தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். கம்பியில் கட்டிய சீட்டில் ஐ.எஸ்.ஐ. உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டு உண்மையான உரிமமா என்று பாருங்கள். சீட்டைக் கழற்றி பில்லோடு பின் செய்து வையுங்கள். கம்பி கட்டுபவரிடம் சொல்லி, ஒரு மீட்டர் துண்டையும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.