டிவிடெண்ட் பங்கு: ரெக்கார்ட் தேதியைத் துரத்தி நகையை வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 38. கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை, வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 17 லட்சம். எட்டு மாதம் முன்பு மனைவியின் நகையை வங்கியில் வைத்து 9.5% வட்டிக்கு 4 லட்சம் வாங்கினேன். ரெக்கார்ட் தேதிக்கு, அதாவது கம்பெனி லாபத்திலிருந்து தரும் டிவிடெண்ட் யார் யாருக்கு என்று பட்டியல் எடுக்கும் நாளுக்கு, முன்பு பங்கை வாங்குவேன், டிவிடெண்ட் உறுதியானதும் விற்றுவிடுவேன். ஐந்து தடவையில் 46,000 ரூபாய் வந்தது, வட்டி 25,300 போக 20,000க்கு மேல் மிச்சம். ஆனால் விற்றதில் 51,000 நஷ்டம். எத்தனை நாள் முன்பு வாங்கினால் இந்த நஷ்டம் வராது? தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 3 லட்சம் வாங்கலாம், சேர்ந்து செய்வோம் என்கிறார் மச்சான். மனைவிக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் என் அக்கா மகளின் காதுகுத்துக்குக் கவரிங் போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

பதில்: எத்தனை நாள் முன்பு வாங்கினாலும் அந்த நஷ்டம் வரும். ஏனென்றால் நீங்கள் நஷ்டம் என்று தனியாக எழுதியிருப்பதும் டிவிடெண்ட் என்று தனியாக எழுதியிருப்பதும் ஒரே பணம்தான். கம்பெனி தன் கையிருப்பிலிருந்து பங்குக்கு 10 ரூபாய் எடுத்துக் கொடுத்தால், எக்ஸ் டேட் அன்று, அதாவது அன்றைக்கு வாங்கினால் இனி அந்த டிவிடெண்ட் கிடைக்காது என்ற நாளில், காலையிலேயே சந்தை அந்த 10 ரூபாயைக் கழித்துத்தான் விலை சொல்லும். சில நாள் கொஞ்சம் கூட, சில நாள் கொஞ்சம் குறைய. வாங்கின பங்கு அடுத்த வர்த்தக நாளே கணக்கில் சேரும் டி பிளஸ் 1 முறை 2023 ஜனவரியில் முழுமையாக வந்த பிறகு, ரெக்கார்ட் தேதிக்கு முந்தின வர்த்தக நாள் வாங்கினாலே டிவிடெண்ட் கிடைத்துவிடுகிறது. இது சந்தையில் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதில் உங்களுக்கென்று தனி லாபம் எதுவும் காத்திருக்கவில்லை.

ஒரு தடவை நீங்கள் செய்வதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 400 ரூபாய் பங்கு 1,000 வாங்குகிறீர்கள், 4 லட்சம். டிவிடெண்ட் 10,000 வருகிறது. மூன்று நாள் கழித்து 392க்கு விற்கிறீர்கள், 8,000 போச்சு. சரி, 2,000 மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு வரி கட்டவேண்டியது நாம்தான், உங்கள் 20% வரம்பில் செஸ் சேர்த்து 2,080. வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி 0.1% வீதம், முத்திரைத்தாள் கட்டணமும் சேர்ந்து சுமார் 860. பத்து நாள் நகைக்கடன் வட்டி 1,040. ஆக 10,000 வாங்கி, கிட்டத்தட்ட 2,000 கைப்பணம் போட்டிருக்கிறீர்கள். ஒரு கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் இப்போது டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிக்கிறார்கள், அதனால் பிடிக்காத டிவிடெண்டுக்கு வரியே இல்லை என்று நினைத்து விட்டிருப்பீர்கள் என்பது என் சந்தேகம். வரி உண்டு. அந்த 8,000 நஷ்டத்தை டிவிடெண்டில் கழிக்கவும் முடியாது.

எட்டு மாதக் கணக்கும் இதே கதைதான். வந்தது 46,000. போனது: விலை நஷ்டம் 51,000, வட்டி 25,300, வரி சுமார் 9,600, கட்டணங்கள் 4,300 என்று வையுங்கள். கூட்டினால் 90,200. அதாவது 44,000க்கு மேல் கையை விட்டுப் போயிருக்கிறது. மிச்சம் என்று நீங்கள் எடுத்து வைத்திருக்கும் 20,000 உங்கள் சொந்த அசல்தான்.

கடனைப் போட்டு டிவிடெண்ட் வாங்கும் இந்தப் பழக்கம்தான் பிரச்சினை, தேதி அல்ல. 4% டிவிடெண்ட் தரும் பங்கை 9.5% கடனில் வைத்திருந்தால், எந்த நாளில் வாங்கியிருந்தால் என்ன? மச்சானிடம் மறு அடகு கிடையாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நகை உங்கள் மனைவியுடையது, 3 லட்சம் கடன் உங்கள் பெயரில் ஏறும், அவர் போடுவது யோசனை மட்டும். நகை வேண்டாம், பங்கு வாங்கும் ஆப்பிலேயே எம்டிஎஃப் என்று பங்கு வாங்கக் கடன் தருகிறார்களே என்று அடுத்து வருவார். அதிலும் வட்டி தினமும் ஓடும், பெரும்பாலும் நகைக்கடனைவிடக் கூடுதலாக. விலை இறங்கினால் உங்களைக் கேட்காமலே விற்கவும் செய்வார்கள். தொடாதீர்கள்.

சரி, அப்புறம் எப்போதுதான் வாங்குவது? சொந்தப் பணம் இருக்கும்போது, அந்தப் பங்கு அதன் டிவிடெண்டுக்கு மலிவாக இருக்கும்போது. 2020 நவம்பரில் கோல் இந்தியா 130 ரூபாய்க்குக் கீழே கிடந்தது, நிலக்கரிக்கு எதிர்காலமே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 2023-24இல் அந்தக் கம்பெனி பங்குக்கு 25.50 ரூபாய் கொடுத்தது. அன்றைக்கு வாங்கி வைத்தவருக்குப் போட்ட பணத்தில் அந்த ஒரு வருடம் மட்டும் சுமார் 20%. அவர் எந்த எக்ஸ் டேட்டையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. மாறாக வேதாந்தா 2022-23இல் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது, அதைப் பார்த்து ஓடியவர்கள் நிறையப் பேர். அந்த நிதியாண்டு தொடக்கத்தில் 400க்கு மேல் இருந்த விலை முடிவில் 300க்குக் கீழே வந்துவிட்டது. தாய்க் கம்பெனிக்குக் கடன் நெருக்கடி இருந்தது, பெரும்பங்குதாரர் என்பதால் டிவிடெண்டில் பெரும்பகுதி அங்கேதான் போனது. அப்படிப்பட்ட தொகை வருடாவருடம் வராது. ஐந்தாறு வருடம் லாபத்திலிருந்து, கடன் வாங்காமல், தொடர்ந்து கொடுத்திருக்கிறார்களா என்று ஆண்டறிக்கையில் பாருங்கள். சொத்தை விற்றுக் கொடுத்த சிறப்பு டிவிடெண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் வரி வரம்பில் இருப்பவருக்கு எக்ஸ் டேட் கழித்து வாங்குவதே சற்று மேல், வாங்கின கையோடு வரி கட்டவேண்டிய வருமானம் வந்து நிற்காது.

இப்போது செய்யவேண்டியது இது. பங்கை விற்றதில் நஷ்டமும் கட்டணமும் போகக் கையில் 3,44,700 இருக்கும், மிச்சம் வைத்த 20,700 சேர்த்தால் 3,65,400. அசலுக்கு இன்னும் 34,600 வேண்டும், உங்கள் சம்பளத்தில் ஒரே மாதத்தில் சமாளிக்கலாம். வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் போடுங்கள், அப்போதுதான் அந்த 51,000 நஷ்டத்தை 8 வருடம் வரை பிற்காலப் பங்கு லாபத்தில் கழித்துக்கொள்ள முடியும். டிவிடெண்ட் 46,000ஐயும் விடாமல் காட்டுங்கள். நகையை மீட்கப் போகும்போது அடகு ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள், மனைவியையும் அழைத்துப் போங்கள். எடையை அவரே சரிபார்த்து வாங்கிக்கொள்ளட்டும்.